நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும்

குமாரபாளையத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். லுங்கியும் துண்டும் சேலையும் ஓடும் தறிப்பட்டறைகளில் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு தறியில் அவர் தார் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்துத் தறியில் குறுக்கு நூலான ஊடை அறுந்துவிட்டால் என்ன ஆகும்? நாடா வெறுமனே இங்கும் அங்கும் பாயும். அச்சு வெறுமனே அடிக்கும். துணி மட்டும் நகர்ந்துகொண்டே போகும். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஊடையே இல்லாத ஒரு பட்டை விழுந்திருக்கும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே குழித்தறியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நூல் அறுந்தது கண்ணில் பட்டதுமே கை நின்றுவிடும். முடிவெடுப்பவர் தறிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். விசைத்தறிக்குக் கண் இல்லை. அறுந்தால் நிற்க வேண்டும் என்பதை யாராவது இரும்பில் செய்து பொருத்தினால்தான் அது நிற்கும்.

அப்படிப் பொருத்தியும் இருக்கிறார்கள். தறியின் ஓரத்தில், அச்சுக்கு அருகில், முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி இருக்கும். ஊடை நூல் இருந்தால் அது கம்பியை லேசாகத் தள்ளிச் சாய்க்கும். சாய்ந்த கம்பி, பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் சுத்தியலின் பிடியில் சிக்காமல் தப்பிவிடும். நூல் இல்லாவிட்டால் கம்பி சாயாது. அதன் கொக்கியைச் சுத்தியல் பிடித்து இழுக்கும். தறியின் கைப்பிடி விடுபட்டு ஓட்டம் நின்றுவிடும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1896இல் செய்த விசைத்தறியிலேயே ஊடை அறுந்தால் தானாக நிற்கும் அமைப்பு இருந்தது. 1924இல் வந்த அவருடைய ஜி வகைத் தறி அதை இன்னும் செம்மையாக்கியது. கார் நிறுவனம் அந்தக் குடும்பத்திலிருந்து பிறகு வந்ததுதான்.

நீள நூலான பாவுக்கும் இதே போல் உண்டு. ஒவ்வொரு பாவு இழையிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். இழை அறுந்தால் தகடு கீழே விழும். மின்சார அமைப்பு என்றால் விழுந்த தகடு இரண்டு தண்டுகளை இணைத்து மின்னோட்டத்தை ஏற்படுத்தும், தறி நிற்கும். ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்தாலும் போதும், ஒன்றே ஒன்று விழுந்தாலும் நிற்கும்.

நம் ஊர்ப் பக்கம் ஓடும் சாதாரணத் தறிகள் பலவற்றில் இந்த அமைப்புகள் இல்லை. அதனால்தான் ஒன்றிய ஜவுளி அமைச்சகம் சாதாரண விசைத்தறிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதற்கென்று ஒரு மானியத் திட்டம் வைத்தது. 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியாவிலும் அது சேர்ந்தது. அந்த மானியத்தில் வாங்கக்கூடிய பாகங்களில் ஊடை அறுந்தால் நிறுத்தும் அமைப்பும் பாவு அறுந்தால் நிறுத்தும் அமைப்பும் இருந்தன. தறிக்கு ஒரு நிபந்தனையைப் பொருத்துவதற்காக அரசு பணம் கொடுத்தது என்று நான் இதைப் படிக்கிறேன். நிபந்தனை அவ்வளவு மதிப்புள்ள பொருள்.

இந்த அத்தியாயம் சி என்ற நிரல்மொழியில் அந்தப் பொருளை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பற்றியது. ஊரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் சேரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதை 'இஃப்', 'எல்ஸ்' என்று முதல் சில வாரங்களிலேயே படித்துவிடுகிறார்கள். தொடரிலக்கணம் அரைமணி நேரத்தில் வந்துவிடும். எதை எந்த இடத்தில் கேட்பது, எந்த நிலையை விட்டுவிட்டோம் என்று யோசிப்பதுதான் கடினம். பாடப்புத்தகங்கள் முதலாவதற்குப் பத்துப் பக்கமும் இரண்டாவதற்குப் பத்து வரியும் ஒதுக்குகின்றன. நான் மாற்றிச் செய்யப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'இஃப்' என்று எழுதிவிட்டால் கணினி அந்த நிபந்தனையை எந்நேரமும் கண்காணித்துக்கொண்டிருக்கும் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிரலின் ஓட்டம் அந்த வரிக்கு வரும்போது ஒரே ஒரு முறை கேட்கப்படும். அவ்வளவுதான். ஓரத்தில் இருக்கும் ஊடைக் கம்பியும் இப்படித்தான். நாடா இரண்டு முறை பாய்வதற்கு ஒரு தடவைதான் அது நூலைச் சோதிக்கிறது. நடுவில் அறுந்தால் அடுத்த சோதனை வரை தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் நிபந்தனையைச் சுழற்சிக்குள் வைக்க வேண்டும். எத்தனை பாய்ச்சலுக்கு ஒரு முறை கேட்பது என்பதும் எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு.

நிபந்தனையைக் கேட்கும் விதமும் காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது. 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரானில் 'இஃப்' இருந்தது. ஆனால் அது ஒரு கணக்கைப் போட்டு, விடை எதிர்மறையா, பூஜ்யமா, நேர்மறையா என்று பார்த்து, மூன்று வரி எண்களில் ஒன்றுக்குத் தாவும். வாசிப்பவர் அந்த எண்களைத் தேடிக்கொண்டு நிரல் முழுக்க அலைய வேண்டும். பிறகு ஜான் மெக்கார்த்தி முன்வைத்த நிபந்தனைக் கோவையும் அல்கால் 60 மொழியும் 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று மனிதர் பேசுவது போல எழுதும் வழியைக் கொடுத்தன. மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல், கென் தாம்சனின் பி ஆகிய மொழிகள் வழியாக, 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழிக்கு அது வந்து சேர்ந்தது.

மொழி நயமானதே தவிர, அடியில் இருக்கும் செயலி இன்றும் ஏறத்தாழ ஃபோர்ட்ரான் காலத்து வேலையைத்தான் செய்கிறது. ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்க்கும். விடை பூஜ்யமா, எதிர்மறையா என்பதைச் சில ஒற்றை பிட்டுகளில் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைப் பார்த்து வேறு இடத்துக்குத் தாவும், அல்லது தாவாமல் அடுத்த கட்டளைக்குப் போகும். கணினி எடுக்கும் எந்த முடிவையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் இந்தக் கழித்தலும் தாவலும்தான் மிஞ்சும்.

இனி ஒரு மெய்யான கணக்குக்கு வருவோம். குமாரபாளையத்தில் எல்லார் வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேசப்படும் விஷயம் மின்கட்டணம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின் விகிதங்கள் மாறிவிட்டன. ஆனால் நமக்கு வேண்டியது அதன் அமைப்பு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவு செய்தால்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தச் செலவு 500ஐத் தாண்டிவிட்டால் விகிதப் பட்டியலே வேறு: முதல் 100 இலவசம் தொடரும், ஆனால் 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய்.

இதைச் சி மொழியில் எழுதினால் இப்படி வரும். வாசிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

இஃப் (யூனிட் <= 500) {
    இஃப் (யூனிட் <= 100)
        கட்டணம் = 0;
    எல்ஸ் இஃப் (யூனிட் <= 200)
        கட்டணம் = (யூனிட் - 100) * 2.25;
    எல்ஸ் இஃப் (யூனிட் <= 400)
        கட்டணம் = 225 + (யூனிட் - 200) * 4.50;
    எல்ஸ்
        கட்டணம் = 1125 + (யூனிட் - 400) * 6.00;
} எல்ஸ் {
    இஃப் (யூனிட் <= 600)
        கட்டணம் = 1950 + (யூனிட் - 500) * 8.00;
    எல்ஸ் இஃப் (யூனிட் <= 800)
        கட்டணம் = 2750 + (யூனிட் - 600) * 9.00;
    எல்ஸ் இஃப் (யூனிட் <= 1000)
        கட்டணம் = 4550 + (யூனிட் - 800) * 10.00;
    எல்ஸ்
        கட்டணம் = 6550 + (யூனிட் - 1000) * 11.00;
}

வெளியே ஒரு பெரிய கேள்வி: 500க்குள்ளா, மேலா? அதற்கு விடை கிடைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் சிறு கேள்விகள். நிபந்தனைக்குள் நிபந்தனை வைப்பது பார்வைக்காகச் செய்வதல்ல. கட்டண விதியே அப்படி இரண்டு அடுக்காக இருப்பதால் நிரலும் அப்படி ஆகிறது. விதியின் வடிவம் நிரலில் தெரிந்தால், மின்வாரியம் நாளைக்கு விகிதத்தை மாற்றும்போது எந்த வரியைத் தொட வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.

இப்போது எல்லைக்கு வருவோம். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் ஏறுகிறது. காரணம், 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலை கைவிட்டுப் போகிறது. விதியே இப்படி ஓர் இடத்தில் திடீரென்று உயர்கிறது என்றால், அந்த இடத்தில் நிரல் எழுதுபவரின் கை நடுங்க வேண்டும். முதல் வரியில் <= என்பதற்குப் பதிலாக < என்று மட்டும் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 499 யூனிட் வீட்டுக்கு எதுவும் மாறாது. 501 வீட்டுக்கும் மாறாது. சரியாக 500 ஓடிய வீட்டுக்கு மட்டும் 1,725க்குப் பதில் 1,950 ரூபாய் வரும். ஒரு சமக்குறி விடுபட்டதற்கு அந்தக் குடும்பம் 225 ரூபாய் கூடுதலாகக் கட்டும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்கு இரண்டுமே சரியான நிரல்கள். இந்தத் தவறு எந்தச் சோதனையிலும் அகப்படாமல் வருடக்கணக்கில் ஓடக்கூடியது, ஏனென்றால் சோதிப்பவர்கள் பெரும்பாலும் 50, 150, 350 என்று வரம்பின் நடுவில் இருக்கும் எண்களையே கொடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்தது வரிசை. 'எல்ஸ் இஃப்' என்பது மேலிருந்து கீழே இறங்கும் ஏணி. முதலில் எந்தப் படி பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். அதனால்தான் 'யூனிட் <= 200' என்று எழுதும் இடத்தில் 'நூறுக்கு மேல்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூறுக்குள் இருந்தவர் முந்தின படியிலேயே நின்றுவிட்டார். வெளியே இருக்கும் 500 கேள்வியை எடுத்துவிட்டு, எல்லாப் படிகளையும் ஒரே ஏணியாகத் தலைகீழாக அடுக்கி, 1,000ஐ முதலில் கேட்டால்? 150 யூனிட் ஓடிய வீடும் ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது. அந்தப் படியிலேயே நின்றுவிடும். கணக்கு 4,550 கூட்டல் கழித்தல் 650 பெருக்கல் 10. விடை கழித்தல் 1,950 ரூபாய். அதாவது மின்வாரியம் அந்த வீட்டுக்குப் பணம் தர வேண்டும் என்று ரசீது வரும்.

கணிதத்தில் நன்றாகத் தேறியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 100 < யூனிட் < 200 என்று பள்ளிக்கூடத்தில் எழுதுவது போலச் சியிலும் எழுதிவிடுகிறார்கள். கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதலில் '100 < யூனிட்' என்பதை மட்டும் கணக்கிடும். விடை 1 அல்லது 0. பிறகு அந்த 1 அல்லது 0, 200ஐவிடச் சிறியதா என்று கேட்கும். எப்போதும் சிறியதுதான். 5,000 யூனிட் ஓடினாலும் நிபந்தனை உண்மையாகிவிடும். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எழுதி, நடுவில் && போட்டு இணைப்பதுதான் வழி.

இதைவிட முக்கியமானது, யாரும் எதிர்பார்க்காத எண் உள்ளே வருவது. பழுதான மீட்டரைக் கழற்றிப் புதிது வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மீட்டரில் கடைசியாகக் குறித்தது 8,940. புதியதில் இப்போது 60. நிரல் பழையதைக் கழித்துப் பார்த்தால் யூனிட் கழித்தல் 8,880. மேலே எழுதிய நிரல் இதை என்ன செய்யும்? கழித்தல் 8,880 நூறைவிடச் சிறியது. கட்டணம் பூஜ்யம். யாருக்கும் எச்சரிக்கை போகாது. யூனிட் எதிர்மறையாக இருக்கவே முடியாது என்று நினைத்து, குறியில்லாத முழு எண் வகையில் அறிவித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 32 பிட் கணினிக் கணக்கில் அந்த எண் 429,49,58,416 ஆகிவிடும். ஏணியின் கடைசிப் படியில் போய் நின்று, யூனிட்டுக்கு 11 ரூபாய் வீதம் ஏறத்தாழ 4,724 கோடி ரூபாய்க்கு ரசீது தயாராகும். ஆகவே எந்த ஏணிக்கும் முன்னால் ஒரு வாயில்காவலர் வேண்டும்: இந்த எண் வரக்கூடிய எண்தானா? இல்லையென்றால் கணக்குப் போடாதே, மனிதரைக் கூப்பிடு. பாடப்புத்தக நிரல்களில் இந்த வாயில் இருப்பதே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் எழுதும் நிரலில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும்.

குமாரபாளையத்தில் மின் இணைப்பும் ஒரே வகை கிடையாது. வீட்டு இணைப்பு, கைத்தறி இணைப்பு, விசைத்தறி இணைப்பு என்று ஒரே தெருவில் மூன்றும் இருக்கும். 2023 மார்ச் முதல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750லிருந்து 1,000 ஆகவும் இரண்டு மாதக் கணக்கில் உயர்ந்தது. இங்கே கேட்கும் கேள்வி அதிகமா குறைவா என்பதல்ல, எந்த வகை என்பது. அதற்குச் சியில் 'சுவிட்ச்' இருக்கிறது.

சுவிட்ச் (இணைப்பு) {
    கேஸ் 1: இலவசம் = 100; பிரேக்;
    கேஸ் 2: இலவசம் = 300; பிரேக்;
    கேஸ் 3: இலவசம் = 1000; பிரேக்;
    டிஃபால்ட்: பிழை = 1;
}

இதில் 'பிரேக்' என்பதை எழுத மறந்தால், பொருந்திய இடத்தில் நுழைந்த ஓட்டம் அடுத்த கேஸுக்குள்ளும் வழிந்து போகும். இரண்டாவது வரியில் மறந்தால் கைத்தறிக்காரருக்கு 300 எழுதி, உடனே அதன் மேலேயே 1,000 எழுதிவிடும். சி மொழி இதை வேண்டுமென்றேதான் அனுமதிக்கிறது. சில இடங்களில் பயனும் உண்டு. ஆனால் என் தீர்ப்பு, இந்த மொழியின் வடிவமைப்பில் மிகவும் விலை கொடுக்க வைத்த முடிவுகளில் இது ஒன்று.

'பிரேக்' விடுபட்டால் மட்டுமல்ல, தவறான இடத்தில் இருந்தாலும் விலை கொடுக்க வேண்டும். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு சுமார் 9 மணி நேரம் நிலைகுலைந்தது. அதில் 114 பெரிய இணைப்பகங்கள் இருந்தன. நியூயார்க்கில் ஒன்று சிறு கோளாறுக்குப் பின் மீண்டெழுந்து, "நான் வந்துவிட்டேன்" என்று மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியை வாங்கிய இணைப்பகங்கள் ஒவ்வொன்றாக விழுந்து எழுந்தன, எழுந்தவை மறுபடி செய்தி அனுப்பின, மற்றவை விழுந்தன. கோடிக்கணக்கான அழைப்புகள் இணைப்புக் கிடைக்காமல் போயின. காரணம் சில வாரங்களுக்கு முன் ஏற்றப்பட்ட சி நிரலில் இருந்த ஒரு 'பிரேக்'. அது ஒரு 'சுவிட்ச்' உள்ளே, அதற்குள் இருந்த ஓர் 'இஃப்' உள்ளே இருந்தது. சியில் 'பிரேக்' என்பது 'இஃப்'ஐ விட்டு வெளியேறாது. அதைச் சூழ்ந்திருக்கும் சுவிட்சையே விட்டு வெளியேறிவிடும். செய்ய வேண்டிய வேலையைத் தாண்டி ஓட்டம் வெளியே குதித்தது, தகவல் கெட்டது. எழுதியவர்கள் தேர்ந்த பொறியாளர்கள். சி பிறந்ததும் அதே குழுமத்தின் ஆய்வகத்தில்தான்.

சி மொழி எதை உண்மை என்று ஏற்றுக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பூஜ்யம் பொய், மற்ற எல்லா எண்ணும் உண்மை. கழித்தல் 7ம் உண்மைதான். இதோடு இன்னொரு பழக்கம் சேரும்போது ஆபத்து வருகிறது. மதிப்பை ஒதுக்க = என்ற ஒற்றைக் குறி, சமமா என்று கேட்க == என்ற இரட்டைக் குறி. நிரல்களில் ஒதுக்குவதே அதிகம் வருவதால் அதற்குச் சிறிய குறி என்று பி மொழிக் காலத்தில் முடிவானது. 'இஃப் (யூனிட் = 0)' என்று எழுதினால் கேள்வி எதுவும் கேட்கப்படாது. யூனிட் பூஜ்யமாகிவிடும், அந்தப் பூஜ்யமே நிபந்தனையின் விடையாகி, பொய் என்று கொள்ளப்படும்.

இதையே ஆயுதமாக்கிப் பார்த்த சம்பவம் 2003 நவம்பரில் நடந்தது. லினக்ஸ் கருநிரலின் ஒரு நகலுக்குள் யாரோ இரண்டு வரிகளைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தவறான கோரிக்கையைக் கண்டுபிடித்துப் பிழை சொல்லும் வரி போலவே இருந்தது: குறிப்பிட்ட இரண்டு குறியீடுகளும் வந்திருந்து, பயனரின் எண்ணும் 0 ஆக இருந்தால் பிழை என்று சொல். ஆனால் 'எண் == 0' இருக்க வேண்டிய இடத்தில் 'எண் = 0' இருந்தது. லினக்ஸில் 0 என்பது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியின் எண். அந்தக் குறியீடுகளோடு கேட்கத் தெரிந்த எவரும் அந்த நொடியில் நிர்வாகியாகிவிடலாம். நிபந்தனை பொய்யாக முடிவதால் பிழைச் செய்தியும் வராது, தடயமும் இருக்காது. நல்லவேளையாக, அந்த மாற்றம் முறையான ஒப்புதல் வழியே வரவில்லை என்பதை நகல்களை ஒப்பிட்டபோது கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைய கம்பைலர்களில் எச்சரிக்கைகளை இயக்கி வைத்தால் நிபந்தனைக்குள் வரும் ஒற்றைச் சமக்குறியைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடும். அந்த எச்சரிக்கைகளை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள்.

நெளிவு அடைப்புக்குறியில் சிக்கனம் பார்த்ததால் வந்த வினைக்குச் சான்று 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழை. பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்தும்போது மறுமுனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலில், 'பிழை வந்தால் கடைசிக்குத் தாவு' என்று அடுத்தடுத்துப் பல 'இஃப்'கள் இருந்தன. ஒன்றுக்கும் அடைப்புக்குறி கிடையாது. ஓரிடத்தில் தாவு என்ற வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. முதலாவது 'இஃப்'க்குச் சொந்தம். இரண்டாவது உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தாலும் யாருக்கும் சொந்தமில்லை, எப்போதும் நடக்கும். பிழை இல்லாதபோதும் ஓட்டம் தாவியது. கையொப்பம் பார்க்கப்படவே இல்லை. எல்லாம் சரி என்று விடை போனது. சி மொழிக்கு வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதியிருக்கிறோம் என்பது தெரியாது. மேலே மின்கட்டண நிரலில் உள் அடுக்குகளுக்கு நான் அடைப்புக்குறி போடவில்லை, அச்சில் இடம் கருதி. நீங்கள் எழுதும்போது ஒரே வரியானாலும் போடுங்கள்.

பின்னக் கணக்கில் சமமா என்று கேட்பது இன்னொரு வகைச் சிக்கல். குமாரபாளையத்துக்கு மேலே காவிரியில் மேட்டூர் அணை. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பி உபரி நீர் பெருமளவில் வெளியேறும்போது குமாரபாளையத்தின் ஆற்றோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகும். 2018லும் 2022லும் அப்படி ஆனது. 'நீர்மட்டம் 120 ஆனால் எச்சரி' என்று ஒரு மாணவர் நிரல் எழுதினால், 'இஃப் (மட்டம் == 120.0)' என்று எழுத மனம் போகும். கருவி ஒரு முறை 119.98 என்று சொல்லி, அடுத்த முறை 120.03 என்று சொன்னால் அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. 120ஐத் தாண்டிய பிறகும் நிரல் பேசாமல் இருக்கும். >= என்று கேட்க வேண்டும். அதுவும் போதாது. ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குப் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் வேண்டும் என்பதால், மட்டம் 120ஐ நெருங்கும்போதே, வரும் நீரின் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: மட்டம் இவ்வளவு, அதோடு வரத்து இவ்வளவு. இரண்டையும் && இணைக்கும். முதல் கேள்வியே பொய்யானால் சி இரண்டாவதைக் கேட்காமலேயே விட்டுவிடும். 'தறி > 0 && நீளம் / தறி > 50' என்று தைரியமாக எழுத முடிவது இதனால்தான்; தறி பூஜ்யமானால் வகுத்தலுக்கே போகாது. வரிசையை மாற்றி எழுதினால் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் நிரல் விழக்கூடும்.

எந்த மட்டத்தில் எச்சரிக்க வேண்டும் என்பதை மொழியோ கம்பைலரோ சொல்லித் தராது. அதைத் தெரிந்தவர்கள் நீர்வளத்துறைப் பொறியாளர், வருவாய்த்துறை அலுவலர், ஆற்றோரத்தில் முப்பது வருடம் குடியிருந்த பாட்டி. நிபந்தனைக்குள் எழுத வேண்டிய எண் அவர்களிடம் இருக்கிறது. ஆகவே நிரலைத் தொடங்குமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள். தறி நிறுத்தும் அமைப்பைச் செய்தவர்கள் முதலில் நெய்பவரோடு நின்று, நூல் எங்கே எப்படி அறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அந்தக் கம்பியைச் சரியான இடத்தில் வைத்திருக்க முடியாது.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் மின்கட்டண நிரலைக் கணினியில் அடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் எதிர்மறை எண்ணைத் தடுக்கும் ஒரு வாயிலை நீங்களே சேருங்கள். பிறகு 0, 100, 101, 200, 201, 400, 401, 500, 501, 600, 601, 800, 801, 1000, 1001, கழித்தல் 1 ஆகியவற்றைக் கொடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டு விடையை எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 500க்கு 1,725ம் 501க்கு 1,958ம் வராவிட்டால் நிரலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.